சர்வைவ்னா தப்பிக்கிறது மட்டும்தானா?

போன மாசம் எங்க அத்தை பேங்க்ல இருந்து ஒரு ஃபாரம் எடுத்துட்டு வந்தாங்க. மாமாவும் அவங்களும் சேந்து டெபாசிட் போடப் போறாங்க, அந்த அக்கவுண்ட்ட யாரு எப்படி நடத்துறதுன்னு டிக் அடிக்கச் சொல்லி வரிசையா கட்டம் போட்டிருந்துச்சு. அதுல ஒண்ணு 'ஈதர் ஆர் சர்வைவர்'. அத்தை கண்ணாடிய மூக்கு மேல தள்ளிட்டு, "ஏம்ப்பா, சர்வைவர்னா பஸ் கவுந்தா உள்ள இருந்து தப்பிச்சு வர்றவங்கள தான சொல்லுவாங்க, எங்களுக்கு என்ன ஆக்ஸிடென்ட் ஆச்சு?"ன்னு கேட்டாங்க. கவுன்டர்ல கேட்டதுக்கு "எல்லாரும் அதைத்தாம்மா போடுவாங்க, நீங்களும் டிக் போட்டுக் குடுங்க"ன்னு அனுப்பி விட்டுட்டாங்களாம்.

அத்தை கேட்டதுல ஒரு தப்பும் இல்ல. நாம டிவியில, நியூஸ்ல, கேம்ல, காட்டுக்குள்ள ஒருத்தர் தனியா மாட்டிக்கிட்டு பூச்சி புழுவ தின்னு வாழ்ற நிகழ்ச்சிகள்லன்னு எங்க பாத்தாலும் இந்த வார்த்தை ஆபத்தோட சேந்துதான் வருது. அதனால சர்வைவ் = ஆபத்துல இருந்து தப்பிக்கிறதுன்னு மனசுல பதிஞ்சு போச்சு. ஆனா அந்த வார்த்தை பொறந்த இடம் ஆபத்து கிடையாது, சொத்துப் பத்திரம். பேங்க் ஃபாரத்துல இருக்கிறதுதான் அதோட பழைய அர்த்தம், நாம டிவியில கேக்குறது பின்னாடி வந்தது. எப்படின்னு கொஞ்சம் நிதானமாவே பாப்போம்.

ரெண்டு மெழுகுவர்த்தி

ராத்திரி கரண்ட் போச்சுன்னு வைங்க. ஹால்ல ஒரு மெழுகுவர்த்தி ஏத்துறீங்க, அது எரியுது. அது எரியுதுன்னு சொல்லலாம், அவ்வளவுதான், அதுக்கு மேல சொல்ல ஒண்ணும் இல்ல. இப்ப பக்கத்துல இன்னொண்ணையும் ஏத்துறீங்க. ஒரு மணி நேரம் கழிச்சு ரெண்டாவது உருகி அணைஞ்சு போகுது, முதல் ஒண்ணு இன்னும் எரியுது. இப்ப முதல் மெழுகுவர்த்தி ரெண்டாவதை சர்வைவ் பண்ணிருச்சு. கவனிச்சுப் பாருங்க, முதல் மெழுகுவர்த்திக்கு ஒரு ஆபத்தும் வரல, அது எதுல இருந்தும் தப்பிக்கவும் இல்ல. சும்மா எரிஞ்சிட்டே இருந்துச்சு. இன்னொண்ணு முடிஞ்சதுக்கு அப்புறமும் இது இருக்கு, அதுதான் விஷயம்.

இன்னொரு விதமா பாருங்க. ஒரே மெழுகுவர்த்திதான். திடீர்னு ஜன்னல் தொறந்து ஒரு காத்து அடிக்குது, சுடர் படபடன்னு ஆடி குனிஞ்சு அப்புறம் மறுபடி நிமிந்துருச்சு. இப்ப அது காத்தை சர்வைவ் பண்ணிருச்சு. இங்க ஆபத்து இருக்கு, உண்மைதான். ஆனா கணக்கு அதே கணக்குதான்: காத்து வந்துச்சு, காத்து போயிருச்சு, அதுக்கு அப்புறமும் சுடர் இருக்கு.

அதனால இந்த வார்த்தைய எங்க பாத்தாலும் ஒரு கேள்வி கேட்டா போதும்: யாருக்கு அப்புறம், இல்லன்னா எதுக்கு அப்புறம்? வெறும் 'வாழ்றது'க்கு இந்தக் கேள்வி தேவையில்ல. சர்வைவ்க்கு இது இல்லாம அர்த்தமே முழுசாகாது.

அத்தை ஃபாரத்துக்கும் இதேதான். 'ஈதர்'னா ரெண்டு பேர்ல யார் வேணா எடுக்கலாம், போடலாம். 'சர்வைவர்'னா ஒருத்தர் காலத்துக்கு அப்புறம் இருக்கிற இன்னொருத்தர், அப்ப பணத்தை அவர் எடுத்துக்கலாம். பாஸ்புக்ல சுருக்கமா 'ஈ ஆர் எஸ்'னு அச்சடிச்சிருப்பாங்க. 'ஃபார்மர் ஆர் சர்வைவர்'னு இன்னொண்ணும் உண்டு, அதுல முதல் பேர் இருக்கிற வரைக்கும் அவர் மட்டும்தான் தொட முடியும், அவருக்கு அப்புறம்தான் ரெண்டாவது ஆளு. ஆக்ஸிடென்ட்டுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல.

வார்த்தைய ரெண்டா வெட்டினா

சர்வைவ் ரெண்டு துண்டு சேந்த வார்த்தை. முன்னாடி இருக்கிற 'சர்' ஒரு முன்னொட்டு. முன்னொட்டுன்னா ஒரு சொல்லுக்கு முன்னாடி ஒட்டிக்கிட்டு அர்த்தத்தை மாத்துற சின்னத் துண்டு, நம்ம 'நற்செய்தி'யில 'நற்' வர்ற மாதிரின்னு இப்போதைக்கு வச்சுக்கோங்க. பின்னாடி இருக்கிற 'வைவ்' லத்தீன்ல 'வீவெரே', வாழ்றதுன்னு அர்த்தம்.

லத்தீன்ல 'சூப்பர்'னு ஒரு சொல் உண்டு. ஆமா, நாம காபி நல்லா இருந்தா சொல்ற அதே சூப்பர்தான். அங்க அதுக்கு அர்த்தம் மேல, தாண்டி. அது பிரெஞ்சு பேசுறவங்க வாயில பல நூறு வருஷம் உருண்டு நடுவுல இருந்த 'ப' தேஞ்சு போய் 'சுர்' ஆயிருச்சு. அதை இங்கிலீஷ்காரங்க வாங்கி 'சர்'ன்னு சொல்றாங்க. இந்தத் துண்டு நமக்குத் தெரிஞ்ச நிறைய வார்த்தையில ஒளிஞ்சிருக்கு. டாக்ஸ் மேல போடுற சர்சார்ஜ், அதாவது மேல போடுற கட்டணம். சர்நேம், பேருக்கு மேல இன்னொரு பேர். சர்ப்ளஸ், தேவைக்கு மேல. சர்ஃபேஸ்னா மேல் முகம்.

எல்லா 'சர்'ரும் இதே சர் கிடையாது, உஷாரா இருக்கணும். சர்ஜன்ல இருக்கிறது இது இல்ல, அது கிரேக்க மொழியில 'கை'யும் 'வேலை'யும் சேந்து வந்தது, அதாவது கைவேலைக்காரர்! சரவுண்ட் வேடிக்கையான கேஸ். அதுல இதே சர்தான் இருக்கு, ஆனா பின்னாடி 'ரவுண்ட்' கிடையாது. அது முதல்ல வெள்ளம் மாதிரி பொங்கி வழியிறதுக்கு சொன்ன வார்த்தை, அலைக்கான லத்தீன் சொல்லு உள்ள இருக்கு. கேக்க ரவுண்ட் மாதிரி இருந்ததால காலப்போக்குல சுத்தி வளைக்கிறதுன்னு அர்த்தமே மாறிப் போச்சு.

இப்ப ரெண்டாவது துண்டு. இதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி.

'வீவெரே' குடும்பத்துல ரிவைவ் இருக்கு, திரும்ப உயிர் வர்றது. விவிட் இருக்கு, உயிரோட்டமா தெரியிறது. காலேஜ்ல ப்ராஜெக்ட் முடிச்சதும் வைவான்னு ஒண்ணு வச்சு உயிரை எடுப்பாங்களே, அதோட முழுப் பேர் 'வைவா வோசி', அதுக்கு அர்த்தம் 'உயிருள்ள குரலால', பேப்பர்ல எழுதாம வாயால சொல்ற பரீட்சை. வைட்டமின்லயும் இதே குடும்பம்தான், 1912ல காசிமிர் ஃபங்க்னு ஒரு விஞ்ஞானி உயிருக்கான லத்தீன் சொல்லு 'வீட்டா'வையும் வேதியியல்ல வர்ற 'அமின்'னயும் ஒட்டி அந்தப் பேர உண்டாக்கினாரு.

லத்தீனுக்கும் முன்னாடி போனா ஆதி இந்தோ-ஐரோப்பிய மொழின்னு ஒண்ணு வருது. அதுக்கு எழுத்து கிடையாது, கல்வெட்டு கிடையாது. லத்தீன், கிரேக்கம், சமஸ்கிருதம், பாரசீகம், ஜெர்மன் இதெல்லாம் ஒரே பாட்டியோட பேரப்புள்ளைங்கன்னு சொற்கள ஒப்பிட்டுப் பாத்து, அந்தப் பாட்டி இப்படித்தான் பேசியிருக்கணும்னு மொழியியல்காரங்க திரும்பக் கட்டின மொழி. அந்தப் பாட்டிகிட்ட வாழ்றதுக்கு ஒரு வேர்ச்சொல் இருந்துச்சு, சுமாரா 'க்வெய்'ன்னு ஒலிக்கும். வேர்ச்சொல்னா பல வார்த்தைகள் கிளை விட்டு வர்ற அடித்தண்டு. அது லத்தீன்ல 'வீவ்' ஆச்சு. கிரேக்கத்துல 'பயோஸ்' ஆச்சு, நம்ம பயாலஜி அதுதான். சமஸ்கிருதத்துல 'ஜீவ்' ஆச்சு.

ஆமா, ஜீவன், ஜீவிதம், சிரஞ்சீவி, சஞ்சீவின்னு நாம சமஸ்கிருதத்துல இருந்து கடன் வாங்கி வீட்டுக்குள்ள வச்சுப் புழங்குற அத்தனையும் சர்வைவோட ஒண்ணு விட்ட சொந்தக்காரங்க. பாரசீகத்துல அதே வேர் 'ஜிந்தா' ஆச்சு, அதாவது உயிரோட. ஊர்வலத்துல போடுற 'ஜிந்தாபாத்' கோஷம் அங்க இருந்துதான் வருது. இங்கிலீஷ்லயே சொந்தமா ஒரு பேரப்புள்ள இருக்கு, அதை யாரும் அடையாளம் கண்டுபிடிக்க மாட்டாங்க: குவிக்! இப்ப சீக்கிரம்னு அர்த்தம், ஆனா பழைய இங்கிலீஷ்ல அதுக்கு 'உயிருள்ள'ன்னுதான் அர்த்தம். உயிர் இருக்கிறது துறுதுறுன்னு அசையும், அதனால வேகம்னு ஆயிருச்சு. பாதரசத்துக்கு குவிக்சில்வர்னு பேர் வந்ததும் இதனாலதான், உயிருள்ள வெள்ளி, தரையில கொட்டினா ஓடும்ல.

இதுவரைக்கும் சுருக்கமா: 'சர்'னா தாண்டி, 'வைவ்'னா வாழ்றது. ரெண்டும் சேந்து, இன்னொருத்தரையோ இன்னொண்ணையோ தாண்டி வாழ்றது. மெழுகுவர்த்தி கணக்கு அப்படியே வார்த்தைக்குள்ளயே இருக்கு.

கோர்ட்டு வழியா வந்த வார்த்தை

லத்தீன் 'சூப்பர்வீவெரே' ஒவ்வொரு பேரப்புள்ளகிட்டயும் ஒவ்வொரு மாதிரி இருக்கு. ஸ்பானிஷ்ல 'சோப்ரெவிவிர்', இத்தாலியன்ல 'சோப்ராவ்வீவெரே', பிரெஞ்சுல 'சுர்வீவ்ர்'. இங்கிலீஷ் வாங்கினது பிரெஞ்சுகிட்ட இருந்து.

1066ல பிரான்ஸ் பக்கம் இருக்கிற நார்மண்டியில இருந்து வில்லியம்ங்கிற பிரபு படையோட வந்து இங்கிலாந்தைப் புடிச்சாரு. அரண்மனையிலயும் பெரிய இடங்கள்லயும் பிரெஞ்சு, வயல்ல இங்கிலீஷ். கோர்ட்டுலயும் பிரெஞ்சு வந்து உக்காந்துருச்சு. 1362ல தான் கோர்ட்டுல வாதத்தை இங்கிலீஷ்ல பண்ணணும்னு ஒரு சட்டம் போட்டாங்க, அதுக்கு அப்புறமும் வக்கீலுங்க எழுத்துல பிரெஞ்சை ரொம்ப காலத்துக்கு விடல. யோசிச்சுப் பாருங்க, நம்ம ஊர் பத்திரத்துல இன்னைக்கும் 'ஷரத்து', 'தாவா', 'ஜப்தி'ன்னு தானே எழுதிட்டு இருக்கோம், ஆட்சி மாறினாலும் பத்திர மொழி சீக்கிரத்துல மாறாது.

அந்த மாதிரி பத்திர மொழியிலதான் சர்வைவ் 15-ஆம் நூற்றாண்டுல இங்கிலீஷுக்குள்ள வருது. புருஷனும் பொண்டாட்டியும் சேந்து நிலம் வச்சிருக்காங்க, ஒருத்தர் போயிட்டா நிலம் யாருக்கு? இருக்கிறவருக்கு. அந்த 'இருக்கிறவர்'தான் சர்வைவர். முதல்ல இவ்வளவுதான் அதோட வேலை. ஷேக்ஸ்பியரோட 'தி டேமிங் ஆஃப் தி ஷ்ரூ' நாடகத்துல கல்யாணப் பேச்சு நடக்கும், பொண்ணோட அப்பா இவ்வளவு வரதட்சணைன்னு சொன்னதும் மாப்பிள்ளை பெட்ரூச்சியோ, என்னை அவ சர்வைவ் பண்ணினா என் நிலம், குத்தகை எல்லாம் அவளுக்குன்னு வாக்குக் குடுப்பான். தப்பிக்கிறதுன்னு அர்த்தம் வச்சுப் படிச்சா, இவன்கிட்ட இருந்து அவ உயிர் தப்பினான்னு காமெடியா ஆயிரும் (அந்த நாடகத்துக்கு அதுவும் பொருந்தும்ங்கிறது வேற விஷயம்). அவன் சொல்றது, எனக்கு அப்புறம் அவ இருந்தா, அவ்வளவுதான்.

பிரெஞ்சுல இருந்து வாங்குறதுக்கு முன்னாடி இங்கிலீஷ்காரங்ககிட்ட இதுக்கு வார்த்தையே இல்லையான்னா, இருந்துச்சு. 'ஓவர்லிவ்'. ஓவர்னா மேல, லிவ்னா வாழ்றது, அதே அச்சு. 1611ல வந்த கிங் ஜேம்ஸ் பைபிள்ல யோசுவா புத்தகம் 24-ஆம் அதிகாரத்துல, யோசுவாவுக்கு அப்புறமும் உயிரோட இருந்த பெரியவங்களச் சொல்ல இந்த வார்த்தைதான் வருது. ஜெர்மன்ல இன்னைக்கும் 'ய்யூபர்லேபன்', டச்சுல 'ஓவர்லேவன்', ரெண்டுமே மேல-வாழ்றதுதான். இங்கிலீஷ்ல மட்டும் அந்த நாட்டு வார்த்தை ஓரமா ஒதுங்கி வக்கீல் வார்த்தை ஜெயிச்சிருச்சு. ஓவர்லிவை சர்வைவ் சர்வைவ் பண்ணிருச்சுன்னு சொல்லலாம்!

செத்தவரும் சர்வைவ் பண்ணலாம்

இந்த வார்த்தைக்கு தப்பிக்கிறதுன்னு மட்டும் அர்த்தம் இல்லைன்னு யாராவது நம்பலன்னா நான் காட்டுறது 1956ல வந்த இந்து வாரிசுரிமைச் சட்டத்தோட 21-ஆவது பிரிவு.

ஒரு குடும்பம். அண்ணன் கல்யாணம் ஆகாதவரு, சொந்தமா சம்பாதிச்சு ஒரு வீடு வாங்கி வச்சிருக்காரு, உயில் எதுவும் எழுதல. அப்பா அம்மா இல்ல. ஒரு தம்பி, அவருக்கு பொண்டாட்டி புள்ளைங்க இருக்காங்க. ஒரு தங்கச்சி. அண்ணனும் தம்பியும் ஒரே கார்ல போறப்ப ஆக்ஸிடென்ட், ரெண்டு பேரும் போயிட்டாங்க, யார் முதல்ல போனாங்கன்னு யாருக்கும் தெரியாது. வீடு யாருக்கு?

அண்ணன் போற நேரத்துல தம்பி உயிரோட இருந்திருந்தா தம்பிக்கும் தங்கச்சிக்கும் பாதிப் பாதி, தம்பியோட பாதி அவர் பொண்டாட்டி புள்ளைங்களுக்குப் போகும். தம்பி முன்னாடியே போயிருந்தா முழு வீடும் தங்கச்சிக்கு, ஏன்னா வாரிசு வரிசையில கூடப் பொறந்தவங்களுக்கு அப்புறம்தான் அவங்க புள்ளைங்க. அப்ப பாதி வீடு ரெண்டு உயிர் போனதுக்கு நடுவுல இருக்கிற சில நொடியில தொங்குது. சட்டம் என்ன சொல்லுதுன்னா, யார் யாரை சர்வைவ் பண்ணாங்கன்னு தெரியாதப்போ, வேற விதமா நிரூபிக்கப்படுற வரைக்கும், வயசுல சின்னவர் பெரியவரை சர்வைவ் பண்ணினதா வச்சுக்கணும். இங்கிலாந்துல 1925ல வந்த சொத்துச் சட்டத்துலயும் இதே ஏற்பாடு உண்டு.

ரெண்டு பேருமே செத்துட்டாங்க. ஆனா சட்டப்படி தம்பி சர்வைவ் பண்ணிட்டாரு. எதுல இருந்தும் தப்பிக்கல, ஆஸ்பத்திரிக்குக் கூட போயிருக்க மாட்டாரு, ஆனா வார்த்தை சரியா பொருந்துது. ஏன்னா கேள்வி எப்பவும் யாருக்கு அப்புறம்ங்கிறது தான், எவ்வளவு நாளுக்குங்கிறது இல்ல.

'ஃப்ரம்' எதுக்கு?

நம்ம ஆளுங்க இங்கிலீஷ் பேசும்போது 'ஐ சர்வைவ்ட் ஃப்ரம் தி ஆக்ஸிடென்ட்'னு சொல்றத நிறையக் கேட்டிருக்கேன், நானும் பத்தாவது வரைக்கும் அப்படித்தான் எழுதினேன். காரணம் தெளிவு, தமிழ்ல விபத்து'ல இருந்து' தப்பிச்சேன்னு யோசிச்சு 'இருந்து'வ ஃப்ரம்மா மாத்துறோம். ஆனா சர்வைவ் நேரா செயப்படுபொருளை எடுத்துக்கும். செயப்படுபொருள்னா வினை யார் மேல, எது மேல போய் விழுதோ அது, 'சோறு தின்னான்'ல சோறு. 'ஐ சர்வைவ்ட் தி ஆக்ஸிடென்ட்', அவ்வளவுதான், நடுவுல ஒண்ணும் வேண்டாம். நான் விபத்தைத் தாண்டி வாழ்றேன், தாண்டுறதுங்கிறது 'சர்'லயே வந்துருச்சு, மறுபடி எதுக்கு ஃப்ரம்? சோழர் காலத்துல இருந்து இன்னும் இருக்கிற கோயில்னு காலத்தைச் சொல்லும்போது ஃப்ரம் வரலாம், அது வேற கணக்கு.

இதைவிட பெரிய குழப்பம் இங்கிலீஷ் பேப்பர்ல வர்ற மரணச் செய்தி. கடைசி வரியில 'ஹீ இஸ் சர்வைவ்ட் பை ஹிஸ் வைஃப் அண்ட் டூ சன்ஸ்'னு இருக்கும். என் ஃப்ரெண்டு ஒருத்தன் காலேஜ் படிக்கிறப்ப இதைப் படிச்சுட்டு, பொண்டாட்டியும் ரெண்டு பசங்களும் காப்பாத்திட்டாங்கன்னா அப்புறம் எதுக்கு இரங்கல் செய்தின்னு கேட்டான். சிரிச்சோம், ஆனா பதில் எங்களுக்கும் தெரியல. அது செயப்பாட்டுல எழுதின வாக்கியம், திருப்பிப் போட்டா மனைவியும் ரெண்டு மகன்களும் அவரை சர்வைவ் பண்றாங்க, அதாவது அவருக்கு அப்புறம் இருக்காங்க. நம்ம தமிழ்ப் பேப்பர்ல 'இவருக்கு மனைவியும் 2 மகன்களும் உள்ளனர்'னு போடுறோம்ல, அதே வரிதான். 500 வருஷத்துக்கு மேல பழசான பத்திர அர்த்தம் எந்தச் சேதாரமும் இல்லாம தினமும் காலையில பேப்பர்ல வந்துட்டு இருக்கு.

சுருக்கமா: சர்வைவ்க்குப் பின்னாடி ஆள் வந்தா 'அவருக்கு அப்புறமும் இருக்கிறது', சம்பவம் வந்தா 'அதைத் தாண்டியும் இருக்கிறது'. பின்னாடி ஒண்ணுமே இல்லைன்னா பேச்சோட போக்குல இருந்து நாம புரிஞ்சுக்கணும்.

பாலிசியும் ஆஸ்பத்திரியும்

மணி பேக் இன்சூரன்ஸ் பாலிசியில 'சர்வைவல் பெனிஃபிட்'னு வரும். கேக்கவே பயமா இருக்கும், ஏதோ பொழச்சு வந்ததுக்கு பரிசு குடுக்கிற மாதிரி. பாலிசி எடுத்து இத்தனை வருஷம் முடியிற தேதியில நீங்க உயிரோட இருந்தா இவ்வளவு பணம், அதுதான் விஷயம். இங்க நீங்க தாண்டுறது ஒரு தேதிய.

ஆஸ்பத்திரி விஷயம் கொஞ்சம் சீரியஸ். கேன்சர் பத்தி பேசும்போது '5 வருஷ சர்வைவல் ரேட்'னு டாக்டருங்க சொல்லுவாங்க. எங்க சொந்தக்காரர் ஒருத்தருக்கு இதைச் சொன்னப்போ வீட்டுல எல்லாரும் அஞ்சு வருஷம்தான் இருப்பாருன்னு சொல்லிட்டாங்கன்னு அழுதுட்டு இருந்தாங்க. அப்படி இல்லவே இல்ல. ஒரு நோய் கண்டுபிடிக்கப்பட்டவங்க 100 பேர எடுத்துக்கிட்டா, கண்டுபிடிச்ச நாள்ல இருந்து 5 வருஷம் முடியிறப்ப எத்தனை பேர் உயிரோட இருக்காங்க, அதுதான் அந்த எண். அந்த 5 வருஷம் ஒரு மைல்கல்லு, அதைத் தாண்டினவங்க அதுக்கு மேல 20, 30 வருஷம் இருந்தாலும் கணக்குல தாண்டினவங்கதான். அது கூட்டத்தோட கணக்கு, ஒரு ஆளோட ஜாதகம் கிடையாது. சொல்ற டாக்டருங்க இதை ரெண்டு நிமிஷம் எடுத்து விளக்கினா எத்தனையோ வீட்டுல ஒரு ராத்திரி தூக்கமாவது மிஞ்சும்.

ஜிம் பாடிக்கும் டார்வினுக்கும் சம்பந்தம் இல்ல

'சர்வைவல் ஆஃப் தி ஃபிட்டஸ்ட்'ட டார்வின் சொன்னதா எல்லாரும் சொல்றோம். முதல்ல சொன்னது ஹெர்பர்ட் ஸ்பென்சர்ங்கிற இங்கிலீஷ் தத்துவக்காரர், 1864ல. டார்வின் வச்ச பேரு 'இயற்கைத் தேர்வு'. அப்படிச் சொன்னா இயற்கைங்கிற ஒருத்தர் உக்காந்து தேர்ந்தெடுக்கிற மாதிரி தோணுது, அதுக்கு ஸ்பென்சரோட வார்த்தையவே வச்சுக்கலாமேன்னு 1866ல வாலஸ்ங்கிற இன்னொரு இயற்கை ஆராய்ச்சியாளர் டார்வினுக்கு லெட்டர் போட்டாரு, டார்வின் தன்னோட 'ஆரிஜின் ஆஃப் ஸ்பீசிஸ்' புத்தகத்தோட 1869ல வந்த அஞ்சாவது பதிப்புல அதைச் சேத்துக்கிட்டாரு. தெளிவு வரும்னு போட்ட வார்த்தை, அதுதான் அதிகமா குழப்பிருச்சு.

ஃபிட்னா இங்க சட்டை ஃபிட்டா இருக்குன்னு சொல்ற ஃபிட். அந்த இடத்துக்கு, அந்தச் சூழலுக்குப் பொருந்துறது. பனியில வெள்ளை முடி பொருந்தும், பாலைவனத்துல பொருந்தாது. நம்ம பாடப் புத்தகத்துல 'தக்கன உயிர் பிழைத்தல்'னு போட்டிருக்காங்க, 'வல்லன'ன்னு போடல. இங்கிலீஷைவிட தமிழ் தெளிவா இருக்கிற இடம் இது, ஆனா மேடையில பேசுறவங்க வல்லவன் வாழ்வான்னு மாத்திச் சொல்லிக் கெடுத்துடுறாங்க.

உயிர் இல்லாததுக்கும் சர்வைவ் வரும். சோஃபக்ளீஸ்ங்கிற கிரேக்க நாடகக்காரர் 120க்கு மேல நாடகம் எழுதினாரு, முழுசா சர்வைவ் ஆனது 7 தான். நம்ம வளையாபதியும் குண்டலகேசியும் அப்படித்தான், சில பாட்டு மட்டும் மிச்சம், மத்தது கரையானுக்கோ நெருப்புக்கோ போயிருச்சு. இந்த இடத்துல தமிழ்ல 'பொழச்சுது'ன்னு சொல்ல மாட்டோம், 'கிடைச்சிருக்கு'ம்போம்.

நம்ம பிழைப்பு

மலையாள நியூஸ் கேக்கிறவங்களுக்கு 'அதிஜீவிதா'ங்கிற வார்த்தை பழகியிருக்கும். பாலியல் வன்முறைக்கு ஆளான பொண்ண 'பாதிக்கப்பட்டவர்'னு சொல்றதுக்குப் பதிலா அங்க இப்படித்தான் சொல்றாங்க. சமஸ்கிருதத்துல 'அதி'ன்னா தாண்டி, 'ஜீவ்' முன்னாடி பாத்த அதே வாழ்றது. சர்வைவ்ல இருக்கிற ரெண்டு துண்டோட அர்த்தமும் அப்படியே அச்சு மாறாம வந்துருச்சு, ஒரு துண்டு சொந்த ரத்தமும் கூட. நடந்த கொடுமைக்கு அப்புறமும் அவங்க வாழ்க்கை இருக்குங்கிறத அந்த 'அதி' சொல்லுது.

தமிழ் வேற வழியில போகுது. நம்மகிட்ட சர்வைவ்க்கு நேரா வர்ற வார்த்தை பிழைக்கிறது, உயிர் பிழைச்சான். ஆனா பிழைன்னா தப்பும் கூட! எழுத்துப் பிழை, கணக்குப் பிழை. இது ரெண்டும் எப்படி ஒரே வார்த்தையில சேந்துச்சுன்னு ரொம்ப நாளா எனக்கு ஒரு உறுத்தல். குறள் 772ல பதில் இருக்கு: 'கான முயலெய்த அம்பினில் யானை பிழைத்தவேல் ஏந்தல் இனிது'. காட்டு முயல் மேல பட்ட அம்பைவிட, யானை மேல எறிஞ்சு தவறிப் போன வேலைக் கையில வச்சிருக்கிறது பெருமைன்னு அர்த்தம். பிழைத்த வேல்னா குறி தவறின வேல். இப்ப அதே காட்சிய யானை பக்கம் நின்னு பாருங்க. வேல் பிழைச்சிருச்சு, அதனால யானை பிழைச்சிருச்சு. எறிஞ்சவனுக்கு அது தப்பு, யானைக்கு அது உயிர்.

'தப்பு'ம் இதே மாதிரிதான். தப்புன்னா தவறு, தப்பினான்னா உயிர் மிஞ்சினான். தெலுங்குலயும் கன்னடத்துலயும் கூட தப்பு ரெண்டு பக்கமும் வேலை செய்யுது. ஐரோப்பாக்காரன் 'மேல', 'தாண்டி'ன்னு எண்ணிட்டு இருந்தான், நாம எமன் எறிஞ்ச கயிறு குறி தவறிருச்சுன்னு பாத்திருக்கோம். அதனாலதான் சர்வைவர்ங்கிறதைக் கேட்டதும் நம்ம தலையில ஆக்ஸிடென்ட் ஓடுது, நம்ம வார்த்தைக்குள்ள ஏதோ ஒண்ணு நம்ம மேல பாஞ்சு வந்திருக்கணும், இல்லைன்னா பிழைக்கிறதுக்கே இடம் இல்ல.

அத்தைகிட்ட இவ்வளவும் சொல்லல, "மாமாவுக்கு அப்புறம் நீங்க, உங்களுக்கு அப்புறம் மாமா, அதான் சர்வைவர்"னு மட்டும் சொன்னேன். அவங்க பேனாவைத் தொறந்து ஒரு நிமிஷம் அந்தக் கட்டத்தைப் பாத்துட்டே இருந்தாங்க, அப்புறம் மாமா பக்கம் ஃபாரத்தைத் தள்ளி, "நீங்களே போடுங்க"ன்னாங்க.